பகலில் ஒரு டிராகுலா, இரவில் ஒரு டிராகுலா

கேள்வி இதுதான்: "பெலா லுகோசி நடித்த 1931-ஆம் ஆண்டு டிராகுலாவைப் பார்த்தேன். கோட்டைக் காட்சிகள் பிரமாதம். அப்புறம் கதை லண்டனுக்கு வந்ததும் எல்லாரும் ஒரு வரவேற்பறையில் நின்று பேசிக்கொண்டே இருக்கிறார்கள். பாதியில் தூக்கம் வந்துவிட்டது. அந்தக் காலத்து ரத்தக்காட்டேரிப் படங்களில், அதிகம் பேசப்படாத, ஆனால் நிஜமாகவே நல்ல படம் என்று ஏதாவது உண்டா?"

உண்டு. அதற்காக வெகுதூரம் தேடிப் போகவேண்டியதில்லை. நீங்கள் பார்த்த படத்தின் கூடப் பிறந்ததுதான் அது. அதே ஸ்டுடியோ, அதே ஆண்டு, அதே கோட்டை, அதே மாடிப்படி, அதே சிலந்தி வலை. நடிகர்களும் இயக்குநரும் ஒளிப்பதிவாளரும் மொழியும் மட்டும் வேறு. பகல் முழுக்க டாட் பிரவுனிங் ஆங்கிலத்தில் டிராகுலாவை எடுத்துவிட்டு வீட்டுக்குப் போவார். இருட்டியபின் இன்னொரு கூட்டம் அதே செட்டுக்குள் வந்து விடியும்வரை ஸ்பானிய மொழியில் அதே கதையை எடுக்கும். அந்த இரவுப் படம்தான் என் பதில். என்னைக் கேட்டால் இரண்டில் நல்ல படம் அதுதான். லுகோசி இல்லாத குறை ஒன்று உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒரு வார்த்தையைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் காட்டேரி என்பது பூசை போட்டுக் கும்பிடுகிற தெய்வமும்கூட. சவப்பெட்டியிலிருந்து எழுந்து வரும் ஐரோப்பியப் பிரபுவுக்கு அந்தப் பெயரைக் கொடுப்பது பொருத்தம்தானா என்று எனக்கு எப்போதும் ஒரு தயக்கம் உண்டு. ஆனாலும் எல்லாருக்கும் புரிகிற சொல் அதுதான் என்பதால் ரத்தக்காட்டேரி என்றே எழுதுகிறேன்.

சரி, ஒரே படத்தை ஏன் இரண்டு தடவை எடுத்தார்கள்? மௌனப் படக் காலத்தில் மொழி ஒரு பிரச்சினையாகவே இருந்ததில்லை. நடுநடுவே வரும் எழுத்து அட்டைகளை மட்டும் மாற்றிவிட்டால் ஹாலிவுட் படம் மெக்சிகோவிலும் ஓடும், ஜெர்மனியிலும் ஓடும். படம் பேச ஆரம்பித்ததும் அந்த வழி அடைபட்டுப்போனது. டப்பிங் அப்போது தவழ்கிற நிலையில் இருந்தது. ஆனால் வெளிநாட்டு வசூலை விட்டுவிட முதலாளிகளுக்கு மனம் வருமா? ஒரே கதையை ஒரே செட்டில் மொழிக்கு ஒரு தடவை எடுப்பது என்று முடிவு செய்தார்கள். பாரமவுண்ட் நிறுவனம் பாரிஸ் அருகே ஜாயின்வில்லில் இந்த வேலைக்காகவே ஒரு பெரிய ஸ்டுடியோவை நடத்தியது. லாரலும் ஹார்டியும் தங்களுக்குத் தெரியாத ஸ்பானிய மொழியை உச்சரிப்பு எழுதிவைத்துப் படித்துப் பேசி நடித்தார்கள். டப்பிங் தேறியதும் இரண்டு மூன்று ஆண்டுகளில் இந்த ஏற்பாடு மெல்ல மறைந்தது.

நமக்கு இது அந்நியமான சங்கதி இல்லை. 1955-இல் எல்.வி. பிரசாத் தெலுங்குக்கு என்.டி. ராமராவ், தமிழுக்கு ஜெமினி கணேசன், இரண்டுக்கும் சாவித்திரி என்று வைத்து ஒரே கதையை 'மிஸ்ஸம்மா'வாகவும் 'மிஸ்ஸியம்மா'வாகவும் எடுத்தார். தமிழ்ப் படத்தை நாம் யாரும் தெலுங்கின் நகல் என்று ஒதுக்கிவைத்ததில்லை. அது நம்முடைய படமாகவே ஆகிவிட்டது. ஸ்பானிய டிராகுலாவுக்கு அந்தக் கொடுப்பினை வெகுகாலம் வாய்க்கவில்லை. லத்தீன் அமெரிக்க, ஸ்பானிய அரங்குகளில் ஓடி முடித்ததும் அதைப் பெட்டிக்குள் வைத்து மறந்துவிட்டார்கள்.

இரண்டு டிராகுலாவையும் எடுத்த ஸ்டுடியோ யூனிவர்சல். அங்கே வெளிநாட்டுப் படங்களின் பொறுப்பில் இருந்தவர் பால் கோனர். பொஹீமியாவில் பிறந்தவர், ஸ்டுடியோ முதலாளி கார்ல் லெம்லியின் நம்பிக்கைக்கு உரியவர். ராத்திரியில் செட் சும்மாதானே கிடக்கிறது, கூலியைத் தவிர பெரிய செலவில்லை என்ற கணக்கை முதலாளியிடம் சொல்லிச் சம்மதம் வாங்கியவர் அவர்தான். கணக்குக்குப் பின்னால் ஒரு காதலும் இருந்தது. மெக்சிகோவின் ஓஹாகா மாநிலத்திலிருந்து வந்த லுபிதா தோவார் என்ற இருபது வயதுப் பெண், பேசும் படம் வந்ததால் ஹாலிவுட்டில் வேலை இல்லாமல் ஊருக்குத் திரும்பும் நிலையில் இருந்தார். அவரைப் போகவிடாமல் நிறுத்த கோனருக்கு ஒரு ஸ்பானியப் படம் தேவைப்பட்டது. முதலில் எடுத்தது 'லா வொலுந்தாத் தெல் முவெர்த்தோ' என்ற திகில் படம், 1930-இல். நன்றாக ஓடியது. அதற்கு அடுத்ததுதான் டிராகுலா. அந்த முதல் படத்தின் பிரதி இன்று உலகில் எங்கும் இல்லை. அதன் ஆங்கில வடிவமும் இல்லை. டிராகுலாவுக்கும் அந்தக் கதி கிட்டத்தட்ட நேர்ந்துவிட்டது.

இரவுக் குழுவின் இயக்குநர் ஜார்ஜ் மெல்ஃபோர்ட். 1921-இல் ருடால்ஃப் வாலண்டினோவை வைத்து 'தி ஷேக்' எடுத்து உலகத்தையே ஆட்டிவைத்த மனிதர். 1930-இல் அவர் மார்க்கெட் இறங்கியிருந்தது. அவருக்கு ஸ்பானிய மொழி ஒரு வார்த்தைகூடத் தெரியாது. என்ரிகே தோவார் ஆவலோஸ் என்பவரை மொழிபெயர்ப்பாளராகப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் முழுப் படத்தையும் எடுத்தார். ஒளிப்பதிவு ஜார்ஜ் ராபின்சன். பின்னாளில் யூனிவர்சலின் 'டிராகுலாவின் மகள்', 'ஃபிராங்கன்ஸ்டைனின் மகன்' போன்ற படங்களுக்கெல்லாம் அந்த இருட்டைக் கொடுத்தவர் அவர்தான். வசனத்தை ஸ்பானிய மொழிக்குக் கொண்டுவந்தவர் பல்தசார் ஃபெர்னாண்டஸ் குவே.

ஆங்கிலப் படத்துக்கு மூன்று லட்சம் டாலருக்கு மேல் செலவானது. இரவுப் படத்துக்கு ஆனது அதில் ஐந்தில் ஒரு பங்குக்குப் பக்கம்தான். ஆனால் காசை விடப் பெரிய ஒரு வசதி இரவுக்காரர்களுக்கு இருந்தது. பகலில் எடுத்த காட்சிகளைப் போட்டுப் பார்த்துவிட்டு, எங்கே கேமரா வைத்தார்கள், எது சரியாக வரவில்லை, நாம் இதை எப்படி எடுக்கலாம் என்று யோசித்துவிட்டுத் தளத்துக்குள் போனார்கள். பரீட்சை எழுதப் போகும்போது முன்னால் எழுதியவனின் விடைத்தாள் கையில் கிடைத்த மாதிரி. மெல்ஃபோர்ட் அந்த விடைத்தாளை அப்படியே பார்த்து எழுதியிருந்தாலும் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். முதலாளி எதிர்பார்த்தது அவ்வளவுதான். அவர் அப்படிச் செய்யவில்லை என்பதில்தான் இந்தப் படத்தின் மேல் எனக்குள்ள பிரியம் ஆரம்பிக்கிறது.

மாடிப்படிக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். சொத்து விற்பனைப் பத்திரங்களோடு ரென்ஃபீல்ட் கோட்டைக்குள் நுழைகிறான். இடிந்த பெரிய கூடம், வானம் அளவு உயர்ந்த தூண்கள், எங்கிருந்தோ ஊர்ந்து வரும் ஆர்மடில்லோக்கள், அதாவது முதுகில் ஓடு போர்த்திய அமெரிக்கக் கண்டத்து விலங்குகள். (டிரான்சில்வேனியாவில் ஆர்மடில்லோ எப்படி வந்தது என்று கேட்காதீர்கள், இரண்டு படத்திலும் இருக்கின்றன.) கையில் மெழுகுவர்த்தியோடு டிராகுலா படிகளில் நிற்கிறான். ஆங்கிலப் படத்தில் இந்த இடத்தில் கேமரா பெரும்பாலும் நின்ற இடத்தில் நிற்கிறது. பிரபுவைக் காட்டுகிறது, விருந்தாளியைக் காட்டுகிறது, மறுபடி பிரபுவைக் காட்டுகிறது. லுகோசியின் முகமும் குரலும் அந்த வெற்றிடத்தை நிரப்பிவிடுகின்றன. ஸ்பானியப் படத்தில் கேமரா தரையிலிருந்து கிளம்பி, படிகளின் மேலாக மிதந்து, டிராகுலாவை நோக்கி ஏறிப் போகிறது. பார்த்துக்கொண்டிருக்கும் நாமும் நம் விருப்பமில்லாமலே அவன் பக்கம் இழுக்கப்படுகிறோம். ரென்ஃபீல்டுக்கு நடக்கப் போவதை அந்த ஒரு நகர்வு முன்கூட்டியே நம் உடம்புக்குச் சொல்லிவிடுகிறது. 1930-இல் ஒலிப்பதிவுக் கருவிகளின் தொல்லையால் கேமராக்கள் முடங்கிக் கிடந்தன என்பதை நினைத்துக்கொண்டு பாருங்கள், இதன் அருமை தெரியும்.

சவப்பெட்டியிலிருந்து எழும் காட்சியும் அப்படித்தான். பிரவுனிங் ஒவ்வொரு தடவையும் கேமராவை வேறு பக்கம் திருப்பிவிடுகிறார். திரும்பி வரும்போது டிராகுலா எழுந்து நிற்கிறான். நாசூக்கான உத்தி, மறுக்கவில்லை. மெல்ஃபோர்ட் திருப்புவதில்லை. மூடி திறக்கிறது, உள்ளேயிருந்து புகை வெளிவருகிறது, அந்தப் புகைக்குள்ளிருந்து ஆள் எழுகிறான். நாடக மேடைத் தந்திரம்தான். ஆனால் பார்க்க வந்தவனுக்குக் காட்டவேண்டியதைக் காட்டுகிறது.

இந்த வித்தியாசம் படம் முழுக்க ஓடுகிறது. பகல் படம் எங்கெல்லாம் கண்ணை மூடிக்கொள்கிறதோ அங்கெல்லாம் இரவுப் படம் திறந்துவைத்திருக்கிறது. கழுத்தில் பதிந்த இரண்டு பல் தடத்தை ஆங்கிலத்தில் எல்லாரும் பேசுகிறார்கள், நமக்குக் காட்டுவதில்லை. ஸ்பானிய மொழியில் அருகிலேயே போய்ப் பார்க்கிறோம். கோட்டையில் ரென்ஃபீல்ட் மயங்கி விழும்போது ஆங்கிலப் படத்தில் டிராகுலாவின் மணப்பெண்களான மூன்று ரத்தக்காட்டேரிப் பெண்களும் நெருங்குகிறார்கள், டிராகுலா கையசைத்து அவர்களைத் தள்ளிப் போகச் சொல்லிவிட்டுத் தானே குனிகிறான். இங்கே அந்தப் பெண்களே அவன்மேல் கவிகிறார்கள். கதாநாயகியின் தோழி லூசி விஷயம் இன்னும் முக்கியம். ஆங்கிலப் படத்தில் லூசி இறந்து, வெள்ளைப் புடைவைக்காரியைப் போல இரவில் குழந்தைகளைத் தேடி அலைகிறாள் என்று பத்திரிகையில் செய்தி வருகிறது. அப்புறம் அவள் என்ன ஆனாள்? படம் மறந்தேபோகிறது. நீங்கள் தூங்கிப்போனதால் அந்த இடத்தைத் தவறவிட்டதாக நினைத்துவிடாதீர்கள், அப்படி ஒரு இடமே அதில் இல்லை. ஸ்பானியப் படத்தில் அவள் பெயர் லூசியா. டிராகுலாவை வேட்டையாடும் பேராசிரியர் வான் ஹெல்சிங்கும் கதாநாயகியின் காதலன் ஹார்க்கரும் அவளுடைய கல்லறையில் செய்யவேண்டியதைச் செய்துவிட்டுக் கனத்த மனதோடு வெளியே வருவதைக் காட்டுகிறார்கள். குத்துகிற காட்சி இல்லை. அந்த இரண்டு பேரின் முகம் போதும்.

நான் அடிக்கடி போட்டுப் பார்க்கும் காட்சி கண்ணாடிக் காட்சி. நீங்கள் சொன்ன அதே வரவேற்பறையில் நடப்பது. வான் ஹெல்சிங் ஒரு சிகரெட் பெட்டியைத் திறக்கிறார். மூடியின் உள்பக்கம் கண்ணாடி. அதில் அறை தெரிகிறது, அறையிலுள்ள பெண் தெரிகிறாள், அவள் எதிரே நின்று பேசிக்கொண்டிருக்கும் பிரபு தெரியவில்லை. வான் ஹெல்சிங் அருகில் போய்ப் பெட்டியை அவன் முகத்துக்கு நேரே திறந்து நீட்டுகிறார். லுகோசி கையால் அதைத் தட்டிவிட்டு, ஒரு கணம் மிருகமாகிவிட்டு, உடனே சுதாரித்து மன்னிப்புக் கேட்கிறார். அருமையான நடிப்பு. ஸ்பானியப் படத்தில் டிராகுலா தன் கைத்தடியை ஓங்கி ஒரே அடியில் பெட்டியை நொறுக்குகிறான். அந்தச் சத்தத்தில் அறையே உறைகிறது. அதுவரை மரியாதையாக நடந்துகொண்டிருந்த ஒரு விருந்தினர் வீட்டுக்காரர் முன்னால் தடியை ஓங்கினால் அங்கே எப்படி ஒரு மௌனம் விழும், அந்த மௌனம் விழுகிறது. எதுவார்தோ அரோசமேனாவின் வான் ஹெல்சிங் அசையாமல் நிற்கிறார். தான் நினைத்தது சரிதான் என்று தெரிந்துகொண்ட ஒரு வைத்தியரின் நிதானம் அவரிடம் இருக்கிறது.

கவனித்தீர்களா, அந்த அறையும் அதேதான், அவர்கள் பேசுவதும் ஏறக்குறைய அதேதான். உங்களுக்குத் தூக்கம் வந்ததற்கு அறையில் நின்று பேசியது காரணம் இல்லை. இரண்டு படமும் பிராம் ஸ்டோக்கரின் நாவலிலிருந்து நேரே வரவில்லை. ஹாமில்டன் டீன், ஜான் பால்டர்ஸ்டன் ஆகியோரின் மேடை நாடக வழியாக வந்தவை. ஆகவே இரண்டுக்கும் அந்த அறைதான் விதி. ஆங்கிலப் படம் 75 நிமிடம், ஸ்பானியப் படம் 104 நிமிடம். நீளமானது சலிப்பாக இருக்கவேண்டும், ஆனால் எனக்கு நேர்மாறாகத்தான் இருந்தது. ஒருவர் பேசும்போது கேட்பவரின் முகத்தை மெல்ஃபோர்ட் விடாமல் பார்க்கிறார். ஒரு செய்தி அறைக்குள் விழுந்தால் அது ஒவ்வொருவர் மேலும் எப்படிப் படுகிறது என்பதற்கு நேரம் கொடுக்கிறார். பகல் படத்தில் அந்த எதிர்வினைகள் பல இடங்களில் இல்லை, வசனம் முடிந்ததும் வெட்டு விழுகிறது. யாருக்கும் எதுவும் உறைக்காத அறையில் நமக்கு மட்டும் எப்படி உறைக்கும்?

இனி லுபிதா தோவார். கதாநாயகிக்கு ஆங்கிலத்தில் மினா என்று பெயர், இங்கே ஏவா. ஹெலன் சாண்ட்லரின் மினா கண்ணாடிப் பாத்திரம் மாதிரி, தொட்டால் உடைந்துவிடுவாள். ஏவா சிரிக்கிற, நன்றாகச் சாப்பிட்டுத் தூங்குகிற, காதலனைச் சீண்டுகிற ஒரு பெண். அதனால்தான் ரத்தம் இழந்து அவள் வெளிறிப்போகும்போது நமக்கு எதையோ பறிகொடுத்த உணர்வு வருகிறது. அதைவிட முக்கியம் அடுத்த கட்டம். டிராகுலாவின் ரத்தம் அவளுக்குள் போனபின் ஓர் இரவில் அவள் திடீரென்று பூரித்துப்போய் நிற்கிறாள். கண்ணில் ஒளி, குரலில் குதூகலம், கிசுகிசுப்பு, சிரிப்பு. காதலன் ஹுவான் ஹார்க்கருக்கு அவள் குணமாகிவிட்டாள் என்று சந்தோஷம். நமக்கு வயிறு கலங்குகிறது. அவள் பார்வை அவன் முகத்திலிருந்து மெல்லக் கழுத்துக்கு இறங்குகிறது. நோய் முற்றியிருக்கும் வேளையில் ஆரோக்கியம் போல ஒன்று முகத்தில் தெரியுமே, வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு அது தெரியும். தோவார் அதைத்தான் நடித்துக் காட்டுகிறார். இருபது வயதில், ராத்திரி முழுக்கக் கண்விழித்துக்கொண்டு.

அவருடைய உடைகளும் ஆங்கிலப் படத்தைவிடத் துணிச்சலானவை என்று எல்லாரும் எழுதுவார்கள், உண்மைதான். ஆனால் அதை மட்டும் பேசி அவர் நடிப்பை விட்டுவிடுவது அநியாயம். அவர் பிறகு மெக்சிகோ போய் 'சாந்தா'வில் நடித்தார். 1932-இல் வந்த அந்தப் படம் மெக்சிகோவின் பேசும் பட வரலாற்றுக்குத் தொடக்கப் புள்ளி. அதே ஆண்டு பால் கோனரைக் கல்யாணம் செய்துகொண்டார்.

ரென்ஃபீல்டைப் பற்றி ரசிகர்கள் இரண்டு கட்சி. ஆங்கிலத்தில் டுவைட் ஃபிரை. கப்பலின் அடித்தளத்திலிருந்து மேலே பார்த்து அவர் சிரிக்கும் அந்தத் தாழ்ந்த சிரிப்பை ஒரு தடவை கேட்டவர்கள் மறக்கமுடியாது. ஸ்பானிய மொழியில் பாப்லோ ஆல்வரெஸ் ரூபியோ. இவருடையது உச்சக் குரல், கதறல். ஃபிரை என்னைப் பயமுறுத்துகிறார். ரூபியோவைப் பார்த்தால் ஐயோ பாவம் என்று இருக்கிறது. முதல் காட்சியில் கோட்டும் தொப்பியுமாக, கொஞ்சம் கூச்சமாக, வேலையை ஒழுங்காக முடித்துவிட்டுத் திரும்பவேண்டும் என்று வந்த மனிதன் இவன் என்பதை அவர் கடைசிவரை நமக்கு மறக்கவிடுவதில்லை. ஈயையும் சிலந்தியையும் பிடித்துத் தின்னும்போதும், அலறும்போதும், இடையிடையே ஒரு நொடி பழைய ஆள் எட்டிப்பார்க்கிறான். அழுகிறான். என் ஆத்மாவைக் காப்பாற்றுங்கள் என்று வான் ஹெல்சிங்கிடம் கெஞ்சுகிறான். இந்த நடிகரின் பெயரை எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்போம்?

சரி, குறைகளுக்கு வருகிறேன். டிராகுலாவாக நடித்த கார்லோஸ் வில்லாரியாஸ் ஸ்பெயினின் கோர்தோபாக்காரர். படப்பிடிப்பில் லுகோசியின் காட்சிகளைப் போட்டுப் பார்க்க அனுமதி கிடைத்த நடிகர் இவர் ஒருவர்தான். லுகோசி மாதிரியே செய்யுங்கள் என்று அவருக்குச் சொல்லப்பட்டது. மற்றவர்கள் எல்லாரும் தங்கள் பாத்திரத்தைத் தாங்களே கண்டுபிடித்தார்கள், பாவம் இவர் மட்டும் இன்னொருவரின் சட்டையைப் போட்டுக்கொண்டு நடக்கவேண்டியிருந்தது. கண்ணை அகல விரிக்கிறார், பல்லைக் காட்டுகிறார். சில இடங்களில் மிரட்டலுக்குப் பதில் சிரிப்பு வந்துவிடுகிறது. லுகோசி 1927-இலிருந்து பிராட்வே மேடையில் அந்தப் பாத்திரத்தோடு வாழ்ந்தவர். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் அவர் விடுகிற இடைவெளியில் ஒரு பழைய கல்லறையே இருக்கிறது. அதை யாராலும் நகலெடுக்க முடியாது. லுகோசியை ராபின்சனின் கேமராவுக்கு முன்னால் நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து நான் பெருமூச்சு விடாத தடவை இல்லை. ஆனாலும் வில்லாரியாஸை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். நகலை மறந்துவிட்டு அவர் தன்போக்கில் நடிக்கும் இடங்கள் உண்டு. விருந்தினர்களோடு பேசும்போது அவரிடம் ஒரு குழைவு இருக்கிறது. தன் இரைமேல் நிஜமாகவே பிரியம் வந்துவிட்ட ஒருவனின் குழைவு. தடியால் கண்ணாடியை நொறுக்கும் வேகமும் அவருடையதுதான்.

இன்னொரு குறையை நம்மால் காதால் உணரமுடியாது, ஸ்பானியர்களுக்குத்தான் தெரியும். டிராகுலா ஸ்பெயின்காரர், ஏவாவும் வான் ஹெல்சிங்கும் மெக்சிகோக்காரர்கள், ஹுவான் ஹார்க்கராக வரும் பாரி நார்ட்டன் அர்ஜென்டினாக்காரர். ஒரே வீட்டில் இருப்பவர்கள் ஆளுக்கொரு வட்டார வழக்கில் பேசுகிறார்கள். ஒரு தமிழ்ப் படத்தில் அப்பா யாழ்ப்பாணத் தமிழும் மகள் கோவைத் தமிழும் பேசினால் எப்படி இருக்கும்! அன்றைய ஹாலிவுட் ஸ்பானியப் படங்கள் எல்லாவற்றின் மேலும் இருந்த புகார் இது. பாரி நார்ட்டனும் கொஞ்சம் மரம்தான், ஆனால் ஆங்கிலத்திலும் அந்தப் பாத்திரம் அப்படித்தான். நடுவில் ஒன்றிரண்டு காட்சிகளைக் கத்தரித்திருக்கலாம் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

இந்தப் படம் நமக்குக் கிடைத்ததே பெரிய கதை. யூனிவர்சலிடம் இருந்த நெகட்டிவில் ஒரு ரீல், மூன்றாவது ரீல், கெட்டுப்போயிருந்தது. அந்தக் காலத்து நைட்ரேட் ஃபிலிம் அப்படித்தான், பராமரிக்காமல் விட்டால் பிசுபிசுத்து, பொடியாகி, ஒன்றுமில்லாமல் போய்விடும். 1970-களில் அமெரிக்காவில் திரையிட்டபோது அந்த ரீல் இல்லாமல்தான் காட்டினார்கள். முழுப் பிரதி ஒன்று கியூபாவில், ஹவானாவிலுள்ள சினிமாத்தேகா என்ற திரைப்படக் காப்பகத்தில் இருந்தது. அமெரிக்காவும் கியூபாவும் முறைத்துக்கொண்டிருந்த காலம். டேவிட் ஸ்கால் என்ற ஆய்வாளர், டிராகுலா கதையின் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தவர், அங்கே நேரில் போய் அந்தப் பிரதியைப் பார்த்துவிட்டு வந்து எழுதினார். பிறகு அந்த ரீலின் பிரதி கிடைத்து, 1992-இல் படம் முழுதாக வீடியோவில் வந்தது. அறுபது வருடம்! 2015-இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தார்கள். நல்ல வேளையாக இதையெல்லாம் பார்க்க லுபிதா தோவார் இருந்தார். டிவிடி வந்தபோது அதற்கு முன்னுரை சொன்னவரும் அவர்தான். 2016-இல் 106-ஆவது வயதில் இறந்தார். மெல்ஃபோர்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவர் கடைசிக் காலத்தில் மற்றவர்கள் படங்களில் துண்டு வேடங்களில் நடித்துக்கொண்டிருந்தார்.

நீங்கள் பார்க்கும்போது படத்தின் முன்பகுதியில் சிறிது நேரம் பிம்பம் மங்கலாகவும் கீறலாகவும் தெரியும். ஹவானாவிலிருந்து வந்த ரீல் அது. உங்கள் திரையில் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு அந்த மங்கலான நிமிடங்கள்மேல் தனி வாஞ்சை உண்டு.

எப்படிப் பார்ப்பது என்றும் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலப் படத்தின் புளூ-ரேயோடு பெரும்பாலும் இதையும் சேர்த்தே தருகிறார்கள், கூடுதல் இணைப்பு மாதிரி. நீங்கள் ஆங்கிலத்தை ஏற்கெனவே பார்த்துவிட்டதால் கதை தெரியும், வசன வரிகளைத் துரத்தவேண்டியதில்லை, முகங்களைப் பார்க்கலாம். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். தலைப்பு ஓடும்போது வரும் சாய்கோவ்ஸ்கியின் 'ஸ்வான் லேக்' முடிந்தபின் இசை கிட்டத்தட்ட இருக்காது. சத்தம் போய்விட்டதோ என்று பதறவேண்டாம். பின்னணி இசை இல்லாத அந்த நிசப்தத்தில் ஒரு கதவு கிறீச்சிடுவதே பெரிய காரியமாகக் கேட்கும்.

கடைசிக் காட்சியை மட்டும் கூர்ந்து பாருங்கள். ஆங்கிலப் படத்தில் எல்லாம் முடிந்தபின் ஹார்க்கர் வான் ஹெல்சிங்கைப் பார்த்து, எங்களோடு வரவில்லையா என்று கேட்கிறான். இப்போது இல்லை, பிறகு வருகிறேன் என்கிறார் அவர். ஏன், டிராகுலா குடியிருந்த அந்தப் பாழடைந்த மடத்தின் நிலவறையில் அவருக்கு இன்னும் என்ன வேலை? படம் சொல்வதில்லை. காதலர்கள் படியேறுகிறார்கள், மணி ஒலிக்கிறது, படம் முடிகிறது. ஸ்பானியப் படத்தில் அவருக்கு வேலை இருக்கிறது. படிக்கட்டிலிருந்து டிராகுலா தூக்கி எறிந்த ரென்ஃபீல்டின் உடல் கீழே கிடக்கிறது. அவன் ஆத்மாவைக் காப்பாற்றுவதாக அவர் வாக்குக் கொடுத்திருக்கிறார். ஏவாவும் ஹுவானும் அந்த நீளமான படிகளில் விடியலை நோக்கி ஏறிப் போக, கிழவர் கீழேயே நின்று, அந்தப் பைத்தியக்கார குமாஸ்தாவின் பக்கத்தில் மண்டியிடுகிறார்.